துருவுக்குப் பின்னால் மறையும் மாங்கனீசு

கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் புறவழிச்சாலை கேரளத்துக்குள் ஓடி முடிகிற இடம் காரோடு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை ஒட்டிய ஊராட்சி. அங்கிருந்து களியக்காவிளை அதிக தூரமில்லை. அங்கே குமரி மாவட்டம் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுக்கப்பட்டபோது அலுவலகமும் பள்ளிப்பாடமும் பேருந்தின் நிறமும் பிரிந்தன. நிலத்தடி நீர் பிரியவில்லை. இரு பக்கமும் அடியில் கிடப்பது கொண்டலைட் வகைப் பழம்பாறை. அதன்மேல் அந்தப் பாறை மக்கி உருவான வெட்டுக்கல். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலபாரின் அங்காடிப்புறத்தில் பார்த்து, 1807-இல் வெளியிட்ட தம் பயண நூலில் லேட்டரைட் என்று பெயரிட்டுப் புவியியலுக்குள் கொண்டுபோன கல் இதுதான். இந்தக் கல்லைக் குடைந்து வெட்டிய கிணறு பெரும்பாலான வீடுகளின் முற்றத்திலோ கொல்லையிலோ இருக்கிறது. கேரளத்தின் கடலோரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200 கிணறுகள், இடைநாட்டில் சுமார் 150 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. உலகில் இவ்வளவு நெருக்கமாகக் கிணறு வெட்டிக் குடிக்கிற நிலம் குறைவு. ஒவ்வொரு வீடும் தன் குடிநீருக்குத் தானே பொறுப்பு ஏற்றிருக்கிறது என்றும் இதைச் சொல்லலாம். அந்தப் பொறுப்பில் ஒரு விடுபாடு இருக்கிறது. அதை நிரப்ப, சில சோதனைக்குழாய்களும் ஒரு வண்ண அட்டையும் கொண்ட சிறு பெட்டி பெருமளவு போதும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

வெட்டுக்கல் கிணற்று நீருக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது சற்றே புளிப்புத்தன்மை கொண்டது, அதன் பி.ஹெச். அளவு, குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் வகுத்த 6.5-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். மற்றொன்று, அதில் இரும்பு இருக்கும். இரும்பை மக்கள் நன்றாக அறிவார்கள். வாளியில் பிடித்துவைத்த தண்ணீர் மறுநாள் மஞ்சளித்துப்போகிறது. வெள்ளை வேட்டி காவியேறுகிறது. தேயிலையில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து தேநீரை மைபோலக் கறுக்கவைக்கிறது. கொய்யா இலையைக் கசக்கிப் போட்டாலும் அதே கதைதான். நாக்கில் ஒரு துருவாடை தங்குகிறது. இத்தனை அடையாளங்கள் இருப்பதால் கிணற்று நீரில் எந்தக் கறை தென்பட்டாலும் பழி இரும்பின் மேல் விழுகிறது. ஆனால் இரும்பு கரைகிற அதே சூழலில் கூடவே கரைகிற இன்னோர் உலோகம் மாங்கனீசு. கரைந்த நிலையில் அதற்கு நிறம் கிடையாது. தேயிலையும் கொய்யா இலையும் இரும்புக்குக் காட்டுவதுபோல அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தால் நாக்குக்கும் பெரும்பாலும் தெரியாது. குழாயின் உட்சுவரிலும் தொட்டியின் அடியிலும் நாளாக ஆக ஒரு கறுப்புப் படலமாகப் படியும். அதைப் பாசி என்று தேய்த்துக் கழுவிவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

இந்த உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எந்தக் கிணற்றை முதலில் சோதிக்கவேண்டும் என்பதும் புரியும். மண்ணுக்குள் மாங்கனீசு பெரும்பாலும் கரையாத ஆக்சைடாக, வெட்டுக்கல்லின் இடுக்குகளில் கறுத்த பூச்சாக இருக்கும். காற்றோட்டம் உள்ளவரை அது அப்படியே கிடக்கும். மண்ணில் இலைதழையோ சாணமோ கழிவுநீரோ மக்கும்போது நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. அடுத்து நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன. அதுவும் தீர்ந்தால் மாங்கனீசு ஆக்சைடைக் கரைக்கின்றன. இரும்பின் முறை அதற்கும் பிறகுதான் வருகிறது. ஆக, மூச்சுமுட்டுகிற மண்ணில் முதலில் நீருக்குள் இறங்கும் உலோகம் மாங்கனீசு. நீர் தேங்கிக் கிடந்த வயல் அத்தகைய மண். நெய்யாற்றின்கரைப் பகுதியில் பள்ளத்து வயல்கள் பல மண்கொட்டி நிரப்பப்பட்டு வீட்டுமனைகளாகியிருக்கின்றன. 2008-இல் கேரள அரசு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணமே இந்தப் போக்கு மாநிலம் முழுக்கப் பரவியிருந்ததுதான். நிரப்பிய வயலில் வெட்டிய கிணறும், கழிவுத்தொட்டியை ஒட்டிய கிணறும் மேட்டு நிலத்துக் கிணற்றைவிட அதிகச் சந்தேகத்துக்கு உரியவை. வாழைக்கும் பிற பயிர்களுக்கும் தெளிக்கும் மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியின் மூலக்கூறிலேயே மாங்கனீசு இருக்கிறது. டார்ச்சு விளக்கில் போடும் சாதாரண உலர்மின்கலத்தின் கறுப்புத்தூளும் மாங்கனீசு டை ஆக்சைடுதான். 1941-இல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவுசெய்த ஒரு நிகழ்வில், கிணற்றருகே புதைத்த பழைய மின்கலங்களிலிருந்து கசிந்த மாங்கனீசு குடிநீரில் கலந்து பலர் நரம்புக் கோளாறுக்கு ஆளானார்கள், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அந்த நீரை ஆய்ந்தபோது லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவில் மாங்கனீசு இருந்தது. அது மிக உயர்ந்த அளவு. எந்த வெட்டுக்கல் கிணற்றையும் அதோடு ஒப்பிட்டு யாரையும் பயமுறுத்தத் தேவையில்லை. மின்கலத்தைக் கிணற்றோரக் குப்பைக்குழியில் போடக்கூடாது என்பதற்கு மட்டும் அது போதுமான சான்று.

இங்கே நியாயமான முதல் ஆட்சேபம் எழும். மாங்கனீசு உடலுக்குத் தேவையான சத்து அல்லவா? அரிசியிலும் தேயிலையிலும் பருப்பிலும் அது இருக்கிறதே? உண்மைதான். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 2.3 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.8 மில்லிகிராம் போதுமானது என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2001-இல் கணித்தது. மிகுதியைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். ஆனால் அதே கணக்கில், பிறந்தது முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையான அளவு 0.003 மில்லிகிராம்தான். தாய்ப்பாலில் உள்ளது அவ்வளவே. அந்த வயதில் குடல் மாங்கனீசை அதிகமாக உறிஞ்சும், பித்தநீர்வழி வெளியேற்றுவதோ இன்னும் முதிராமல் இருக்கும். இப்போது ஓர் எளிய பெருக்கல் போடுவோம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை நாளுக்கு முக்கால் லிட்டர் நீர் உட்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் மாங்கனீசு இருந்தால், நீரின்வழி மட்டும் 0.075 மில்லிகிராம் போகிறது. தேவையைப் போல 25 மடங்கு. 0.3 இருந்தால் 75 மடங்கு. பால்மாவில் உள்ளது இதற்கு மேல். வளர்ந்தவரின் சாப்பாட்டுத் தட்டை வைத்துக் குழந்தையின் புட்டியை மதிப்பிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

தொழிற்சாலைத் தூசியாக மூக்கின்வழி போகும் மாங்கனீசு நடையையும் பேச்சையும் குலைக்கும் என்பது 1837-லேயே தெரிந்துவிட்டது. மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களைப் பார்த்து ஜேம்ஸ் கூப்பர் என்ற மருத்துவர் அதை எழுதினார். குடிநீரில் உள்ள சிறிய அளவு பற்றிய கேள்வி மிகப் பிந்தியது. 2011-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நிலத்தடி நீர் குடிக்கும் 6 முதல் 13 வயதுவரையான 362 குழந்தைகளை மரீஸ் பூஷார் குழுவினர் ஆய்ந்தார்கள். நீரில் மாங்கனீசு மிகக் குறைவாக இருந்த ஐந்திலொரு பங்குக் குழந்தைகளுக்கும், மிக அதிகமாக இருந்த ஐந்திலொரு பங்கினருக்கும் இடையே நுண்ணறிவு ஈவில் 6.2 புள்ளி வேறுபாடு தென்பட்டது. உயர்ந்த பிரிவின் நடு அளவு லிட்டருக்கு 0.216 மில்லிகிராம். உணவின்வழி வந்த மாங்கனீசுக்கும் நுண்ணறிவுக்கும் அந்த ஆய்வில் தொடர்பு காணப்படவில்லை. நீரின்வழி வந்ததற்குத்தான் காணப்பட்டது. இது கண்காணிப்பு ஆய்வு. இதிலிருந்து காரணத்தை உறுதியாக நிறுவ முடியாது. வீட்டுச் சூழல், பெற்றோர் கல்வி போன்றவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்தும் ஏதேனும் விடுபட்டிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், உலகின் பல அமைப்புகள் அதன்பின் தங்கள் எண்களைத் திருத்தியதை ஒதுக்க முடியாது. கனடா 2019-இல் 0.12 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை விதித்தது. 2011-இல், மாங்கனீசுக்குத் தனி வழிகாட்டு மதிப்பே வேண்டாம் என்று விட்டிருந்த உலக சுகாதார நிறுவனம், புட்டிப்பால் குழந்தைகளை மனத்தில் வைத்து 0.08 மில்லிகிராம் என்ற தற்காலிக மதிப்பை 2022 பதிப்பில் சேர்த்தது. நம் நாட்டின் ஐ.எஸ். 10500 தரம், 2012 பதிப்பில், ஏற்கத்தக்க அளவாக 0.1 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளும் அளவாக 0.3 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் கியூபெக்கின் 0.216 விழுகிறது. நம் தரநிர்ணயம் பொறுத்துக்கொள்கிற நீர், ஒரு கைக்குழந்தைக்குப் பொருந்தாத நீராக இருக்கக்கூடும்.

இவ்வளவு இருந்தும் ஊர்மட்டத்தில் மாங்கனீசை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும் கருவி ஊருக்கு வரவில்லை என்பதே காரணம். 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றது. பி.ஹெச்., கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளோரைடு, இரும்பு, எஞ்சிய குளோரின் ஆகியவை அத்தகைய பெட்டிகளில் வழக்கமாக இருக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் இதே வகைக் களப்பெட்டியைப் பல காலமாகப் பயன்படுத்துகிறது. மாங்கனீசு இந்தப் பட்டியலில் பொதுவாக இடம்பெறுவதில்லை. இதன் விளைவைக் கவனியுங்கள்: வெட்டுக்கல் கிணற்றில் இரும்புச் சோதனை செய்து, இரும்பு அதிகம் என்று அறிந்து, அதற்கு வடிகட்டி போட்ட குடும்பம், தன் நீர் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடம் வேதியியலில் இருக்கிறது. நீரைக் காற்றோடு கலக்கினால் இரும்பு விரைவில் துருவாகித் திரளும். மணற்படுகை அதைப் பிடித்துவிடும். மாங்கனீசோ, வெறும் காற்றால் ஆக்சைடாக மாற பி.ஹெச். 9-ஐத் தாண்டவேண்டும். 6-ஐ ஒட்டிய புளிப்பு நீரில் அது காற்றைச் சட்டைசெய்யாமல் மணலுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். தெளிந்த நீர், துருவாடை இல்லாத நீர், மாங்கனீசு மாறாத நீர். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு குழாயில் நீரெடுத்து மாங்கனீசுப் பெட்டியால் சோதித்தால் இது சில நிமிடத்தில் அம்பலமாகும். இந்த ஒரு பயனுக்காகவே அந்தப் பெட்டி ஊராட்சியில் இருக்கவேண்டும்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது? குடிநீருக்கு ஏற்ற பெட்டிகளில் பலவும் பார்மால்டாக்சைம் என்ற வினைபொருளை நம்பியவை. ஒரே அளவான இரண்டு சோதனைக்குழாய்களில் கோடுவரை கிணற்று நீரை நிரப்புகிறோம். ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டு, மற்றதில் முதலில் காரக்கரைசலைச் சொட்டுச்சொட்டாக எண்ணி விடுகிறோம், அடுத்து வினைபொருள். கார நீரில் மாங்கனீசு அதோடு இணைந்து ஆரஞ்சுப் பழுப்பு நிறமாகிறது. இரும்பும் கிட்டத்தட்ட அப்படியொரு நிறம் கொடுக்கும் என்பதால், இ.டி.டி.ஏ.யும் ஹைட்ராக்சிலமீனும் கலந்த மூன்றாவது கரைசலை விட்டுச் சில நிமிடம் காத்திருக்கவேண்டும். இரும்பின் நிறம் கலைந்துபோகும். மாங்கனீசின் நிறம் நிற்கும். இந்தக் காத்திருப்பைச் சுருக்கினால் இரும்பை மாங்கனீசு என்று படிக்க நேரிடும். வெட்டுக்கல் நாட்டில் இது சிறிய பிழை அல்ல. பிறகு, தொடாத குழாயை அட்டையின் வண்ணக் கட்டத்தின் மேலும், நிறமேறிய குழாயை வெள்ளைக் கட்டத்தின் மேலும் நிறுத்தி, இரண்டையும் மேலிருந்து பார்த்தபடி அட்டையை நகர்த்துகிறோம். தொடாத குழாயை இப்படி வைப்பதால் நீரின் சொந்த மங்கலும் மஞ்சளும் இரு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும். இரு குழாயும் ஒன்றுபோல் தெரிகிற இடத்தில் எழுதியிருக்கும் எண்தான் விடை. வேறு சில பெட்டிகளில் பெர்அயோடேட்டு மாங்கனீசைப் பெர்மாங்கனேட்டாக மாற்றி ஊதாநிறம் காட்டும். பார்க்க அழகான முறை. ஆனால் அந்த வகையில் தொழிற்சாலை நீருக்கான, உயர்ந்த அளவில் தொடங்கும் பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. வாங்குமுன் பார்க்கவேண்டியது ஒன்றே: பூச்சியத்துக்கு அடுத்த கட்டம் எந்த எண்ணில் இருக்கிறது? அது 0.05 அல்லது 0.1 என்றால் குடிநீருக்கு உதவும். 0.5 என்றால் வாங்கவேண்டாம். நாம் கவலைப்படும் வரம்பு முழுவதும் அதன் பூச்சியத்துக்குள் அமிழ்ந்துவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் கண்ணைப் பற்றியது. கண்ணால் நிறம் பார்த்துச் சொல்வதை எப்படி அறிவியல் என்பது? ஒருவர் 0.1 என்பார், அடுத்தவர் 0.2 என்பார். இந்த ஆட்சேபத்தைச் சொல்பவர்கள் கண்ணைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. ஒரு நிறத்தைத் தனியாகக் காட்டி எவ்வளவு அடர்த்தி என்று கேட்டால் கண் தடுமாறும். இரண்டு நிறங்களைப் பக்கத்தில் வைத்து எது அடர்த்தி என்று கேட்டால் கண் மிக நுட்பமானது. இந்த வேறுபாட்டின்மேல்தான் ஒப்பீட்டு முறை முழுவதும் நிற்கிறது. 1856-இல் யூலியஸ் நெஸ்லர் அம்மோனியாவுக்கு ஒரு நிறவினை கண்டார். அவர் பெயரைத் தாங்கிய நெஸ்லர் குழாய்கள் இன்றும் நம் ஆய்வகங்களில் இருக்கின்றன. 1880-களில் ஜோசப் லவிபாண்ட் என்ற ஆங்கிலேய பியர் உற்பத்தியாளர் பியரின் நிறத்தை ஒரே தரத்தில் வைத்திருக்க வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி ஒப்பிட்டார். அதிலிருந்து பிறந்த ஒப்பீட்டுக் கருவி பிற்பாடு உலகெங்கும் நீராய்வுக்குப் போனது. ஒப்பீட்டில் பிழை வருவது பெரும்பாலும் விளக்கால். குழல்விளக்கும் எல்.இ.டி.யும் ஆரஞ்சையும் பழுப்பையும் திரித்துக் காட்டும். மாலைவெயில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். காலை பத்து மணிக்குமேல் நிழலில், வானத்து வெளிச்சத்தில் பார்த்தால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். நிறக்குருடு இன்னொரு காரணம். சிவப்பு பச்சைக் குழப்பம் ஆண்களில் நூற்றில் சிலருக்கு உண்டு. பெண்களில் மிக அரிது. ஆய்வுப் பெட்டியை ஊர்ப்பெண்கள் கையில் கொடுக்கும் முடிவு வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்டாலும், இந்த வகையில் அது கூடுதல் நன்மை.

கண்ணை நம்பமுடியுமா என்பதை வாதத்தால் தீர்க்கத் தேவையும் இல்லை, சோதித்தே தீர்க்கலாம். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில், உப்புப் பகுப்பாய்வுக்காக மாங்கனீசு உப்பு இருக்கும். மாங்கனீசு சல்பேட்டு ஒற்றை நீரேறிய வகையில் 308 மில்லிகிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் மாங்கனீசுள்ள கரைசல் கிடைக்கும். அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் 0.1. மூன்று மில்லிலிட்டர் எடுத்தால் 0.3. இவற்றையும் வெறும் காய்ச்சி வடித்த நீரையும் அடையாளம் மறைத்த மூன்று புட்டிகளில் கொடுத்து, இரண்டு பேரைத் தனித்தனியாகப் படிக்கச் சொன்னால் அவர்கள் கண்ணும் அந்தப் பெட்டியின் வினைபொருளும் எவ்வளவு சரி என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். வினைபொருள் வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போவது உண்டு என்பதால் இது ஒருமுறை செய்து விட்டுவிடும் காரியம் அல்ல. புதுப் பெட்டி திறக்கும்போதும், மழைக்காலம் முடிந்த பிறகும் செய்யவேண்டும். ஹரித கேரளம் இயக்கத்தின்கீழ் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகங்களோடு நீர்த்தர ஆய்வு வசதிகளை இணைக்கும் திட்டம் கேரளத்தில் ஏற்கெனவே வந்தது. எனவே யோசனை கேரளத்துக்குப் புதிதில்லை. குமரிப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் இதில் தடை ஏதும் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது: கேரள நீர் ஆணையத்துக்கு ஆய்வகங்கள் இருக்கின்றன, அங்கே கருவியால் துல்லியமாக அளக்கிறார்கள், நீரை அங்கே கொடுத்தால் ஆயிற்று, இடையில் இந்தப் பெட்டி எதற்கு? ஆய்வகம் துல்லியமானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் ஆய்வகம் அளப்பது மேசைக்கு வந்துசேர்ந்த நீரை. பழைய குளிர்பானப் புட்டியில் பிடித்து, பையில் போட்டு, இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோன நீரில் இரும்பு துருவாகிப் படிந்திருக்கும். மாங்கனீசில் ஒரு பகுதி அந்தத் துருவிலும் புட்டிச் சுவரிலும் ஒட்டியிருக்கும். இதைத் தடுக்கத்தான் உலோகச் சோதனைக்கு நீர் பிடித்தவுடன் நைட்ரிக் அமிலம் விட்டு பி.ஹெச்.ஐ 2-க்குக் கீழே இறக்கவேண்டும் என்பது விதி. எத்தனை வீட்டார் அதைச் செய்ய முடியும்? கிணற்றடியில் இறைத்த கையோடு பார்க்கும் பெட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, எண்ணிக்கை. மாங்கனீசு கிணற்றுக்குக் கிணறு மாறும். மேட்டு வீட்டில் இல்லாதது இருபது மீட்டர் கீழே வயலோர வீட்டில் இருக்கும். பருவத்துக்குப் பருவமும் மாறும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் இந்த எல்லைப் பகுதியில், பங்குனிக் கோடையில் அடிநீர் மட்டும் எஞ்சிய கிணறும், ஐப்பசித் துலாமழையில் ததும்பும் கிணறும் ஒரே நீரைத் தராது. ஓர் ஊராட்சியின் எல்லாக் கிணற்றையும் ஆண்டுக்கு இருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புவது நடக்கிற காரியமில்லை. மருத்துவமனை வாசலில் செவிலியர் காய்ச்சல் பார்த்து, யார் உடனே மருத்துவரிடம் போகவேண்டும் என்று பிரித்தனுப்புவது போன்ற வேலையைத்தான் இந்தப் பெட்டியிடம் கேட்கவேண்டும். 0.05-க்கும் கீழே தெளிவாக நிற்கும் கிணற்றை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம். 0.3-க்கு மேல் காட்டுவதற்கு மறுபேச்சுத் தேவையில்லை. நடுவில் தயங்கும் கிணறுகளைத்தான் முறையாக அமிலம் விட்ட புட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். ஆய்வகத்தின் நேரமும் அப்போது தகுந்த இடத்தில் செலவாகும்.

பெட்டியை நம்புகிறவர்களும் சில எச்சரிக்கைகளை மறக்கக்கூடாது. கிணற்றுக்குப் பெர்மாங்கனேட்டு போடும் பழக்கம் நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1890-களில் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹாங்கின் என்ற விஞ்ஞானி காலராவைத் தடுக்க அதைப் பரப்பினார். அந்த ஊதா உப்பே மாங்கனீசுச் சேர்மம்தான். அண்மையில் அதைப் போட்ட கிணற்றில் பெட்டி காட்டும் எண் நிலத்தின் எண் அல்ல. கேரள வீடுகளில் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைக்கும் குடிநீர் இளஞ்சிவப்பானது. அதைச் சோதனைக்குழாயில் ஊற்றினால் ஒப்பீடே கெடும். பச்சைக் கிணற்று நீர்தான் வேண்டும். கொதிக்கவைப்பது கிருமிக்கு நல்ல மருந்து, மாங்கனீசுக்கு மருந்தல்ல. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அது சற்றே செறிவாகும். வினைபொருள் கலந்த மிச்ச நீரைக் கிணற்றோரம் கொட்டக்கூடாது. சில வகைப் பெட்டிகளில் சயனைடு கலந்த கரைசலும் உண்டு. குடியிருப்புகளில் பயன்படுத்த அவற்றை வாங்காமல் விடுவதே நல்லது.

கேரளக் கிணறுகளின் முதன்மைச் சிக்கல் மலக்கிருமி. அதை விட்டுவிட்டு ஓர் உலோகத்தைக் காட்டி மக்களைக் கலங்கடிப்பதா என்று சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் கேட்கலாம். கேள்வியின் முற்பகுதியை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கழிவுத்தொட்டியும் கிணறும் இவ்வளவு நெருங்கிய நிலத்தில் எஷெரிச்சியா கோலிதான் முதல் எதிரி. மாங்கனீசுச் சோதனை கிருமிச் சோதனையின் இடத்தைப் பிடிக்கக்கூடாது. ஆனால் இரண்டும் போட்டியிடுவன அல்ல. கழிவுநீர் கசிந்து மண்ணின் ஆக்சிஜனைத் தின்றால் மாங்கனீசு கரையும் என்று மேலே பார்த்தோம். பூஞ்சைக்கொல்லி எதுவும் தெளிக்காமல், ஒரு கிணற்றில் மாங்கனீசு எண் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே வந்தால், பக்கத்துக் கழிவுத்தொட்டியைத் திறந்து பார்க்க அது ஒரு காரணம். கிருமியை எதிர்த்துக் குளோரின் தூள் போடுபவர்களுக்கும் இந்த எண் உதவும். மாங்கனீசு மிகுந்த நீரில் குளோரின் போட்டால் மெல்லக் கறுத்த மண்டி இறங்கும், அதைக் கண்டு பயந்து குளோரினையே நிறுத்திவிடுகிற வீடுகள் இருக்கும். காரணம் தெரிந்தால் நிறுத்தமாட்டார்கள்.

எதிர்ச் சவ்வூடுபரவல் வடிகட்டி, அதாவது ஆர்.ஓ. கருவி, வாங்கினால் பிரச்சினை தீராதா என்றால், பெருமளவு தீரும். ஆனால் மாங்கனீசு அந்தச் சவ்வின் மேல் படிந்து அதை அடைக்கும், கருவியோ உள்ளே விடும் நீரில் ஒரு பெரும்பங்கைக் கழிவாக வெளியேற்றும். எல்லா வீட்டாலும் வாங்க முடியாது. எல்லா வீட்டுக்கும் தேவையும் இல்லை. தேவை எங்கே என்று சொல்லத்தான் முதலில் எண் வேண்டும். மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய மணற்படுகையும், சுண்ணாம்பால் பி.ஹெச். உயர்த்தும் முறையும் ஊராட்சி அளவிலான தொட்டிகளுக்குப் பொருந்தும். ஒரு வார்டில் நான்கைந்து கிணறுகள் சேர்ந்தாற்போல் உயர்ந்த எண் காட்டினால் அந்தச் செலவை ஊராட்சிக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம். கூரைமழையை வடித்துக் கிணற்றுக்குள் விடுவது நீரை நீர்க்கச்செய்யும், ஆக்சிஜனும் சேர்க்கும். விட்ட பிறகு எண் இறங்கியதா என்று பெட்டியே சொல்லும்.

அதுவரை வீட்டளவில் செய்யவேண்டிய முடிவு குழந்தையைப் பொறுத்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீரே தேவையில்லை; அந்த வீட்டில் கிணற்றின் எண் எதுவானாலும் அவசரப்படத் தேவையில்லை. புட்டிப்பால் கரைக்கிற வீடும், ஆறாம் மாதத்தில் கண்ணன் வாழைக்காய்ப் பொடியோ கேழ்வரகோ காய்ச்சத் தொடங்குகிற வீடும் 0.1 என்ற கட்டத்தைத் தொட்டாலே குழந்தைக்கு மட்டும் நீரை மாற்றிக்கொள்ளவேண்டும்: ஆணையத்தின் குழாய்நீர் வருமானால் அது, இல்லையென்றால் சோதித்துச் சரியென்று கண்ட மேட்டுக் கிணறு. நாளுக்கு ஒன்றரை லிட்டர் போதும். அதே வீட்டில் வளர்ந்தவர்கள் தங்கள் கிணற்றை விட்டு ஓட வேண்டியதில்லை. தோட்டத்துக்கும் மாட்டுக்கும் குளியலுக்கும் அது எப்போதும்போல் உதவும். ஊராட்சிப் பதிவேட்டில் கிணற்றின் பெயருக்கு எதிரே தேதி, இறைத்த ஆழம், வடிகட்டிக்கு முன்னா பின்னா, பார்த்த இருவர் சொன்ன இரண்டு எண்கள் ஆகியவற்றை எழுதிவைத்தால், அடுத்த பங்குனியில் சோதிக்க வருகிற பெண் எந்தக் கிணற்றடியில் முதலில் பெட்டியைத் திறக்கவேண்டும் என்பதை அதைப் பார்த்தே தீர்மானித்துவிடுவாள்.